பழைய வீட்டுக்கு ஜாதகம் எழுதத் தெரியுமா?

வரலாறு படித்தால் வேலை கிடைக்காது என்று இன்னும் எத்தனை பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? அவர்களை விடுங்கள். காரைக்குடி பக்கம் பாழடைந்து கிடந்த ஒரு பெரிய வீட்டை வாங்கி ஹோட்டலாக மாற்றுகிறவருக்கு, அந்த வீட்டுக்கு ஒரு கதை வேண்டும். மயிலாப்பூரில் தாத்தா வீட்டை இடிப்பதற்கு முன் அதன் வரலாற்றைச் சின்ன புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி நினைக்கிறார். கட்டடப் பாதுகாப்பு ஆர்க்கிடெக்டுக்கு, எந்தச் சுவர் எப்போது வந்தது என்று தெரிந்தால்தான் எதை விடலாம், எதை உடைக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். வக்கீலுக்கு நூறு வருடத்து உரிமைச் சங்கிலி வேண்டும். இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இந்த வீடு முதலில் யாருடையது?"

அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. வக்கீல் குமாஸ்தாவுக்குப் பத்திரம் தெரியும், கட்டடம் தெரியாது. ஆர்க்கிடெக்டுக்குக் கட்டடம் தெரியும், பத்திரத்தைக் கொடுத்தால் கொட்டாவி விடுவார். குடும்பத்துப் பெரியவருக்குக் கதை தெரியும், தேதி தெரியாது. இந்த மூன்று பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. ஹிஸ்டரி, லா, ஜர்னலிசம், ஆர்க்கிடெக்சர் எது படித்திருந்தாலும் அதில் உட்காரலாம். எப்படி என்று பார்ப்போம்.

1. கேள்வியை மூன்றாக உடையுங்கள்

கட்டியவர், சொந்தக்காரர், குடியிருந்தவர். இவர்கள் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசிக் காலத்தில் இருந்த வீடு இன்று நினைவில்லம். ஊரே அதைப் பாரதி வீடு என்கிறது. அவர் அங்கே வாடகைக்கு இருந்தவர். பத்திரத்தை மட்டும் தேடினால் பாரதியார் அகப்பட மாட்டார். பெயர்ப் பலகையை மட்டும் நம்பினால் சொந்தக்காரர் காணாமல் போவார்.

க்ளையன்ட்டிடம் முதல் மீட்டிங்கிலேயே இதைக் கேளுங்கள்: "உங்களுக்கு இந்த மூன்றில் எது வேண்டும்?" பாதிப் பேர் விழிப்பார்கள். அந்த நிமிடமே உங்கள் மேல் மரியாதை வந்துவிடும்.

2. பாட்டியிடம் கேளுங்கள், ஆனால் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்

குடும்பத்தில் மூத்தவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. செட்டிநாடென்றால் ஆச்சியிடம், மற்ற இடங்களில் பாட்டியிடம். ஆண்களை விடப் பெண்கள் நன்றாகச் சொல்வார்கள். எந்த அறையில் யாருக்குப் பிரசவம், எந்தக் கல்யாணத்துக்குப் பின்கட்டு போட்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கும். தேதி கேட்காதீர்கள், நிகழ்ச்சி கேளுங்கள். "எந்த வருஷம் பாட்டி?" என்றால் "யாரு கண்டா" என்பார். "ஜப்பான்காரன் பர்மாவுக்கு வந்தப்போ இந்த மாடி இருந்துச்சா?" என்று கேட்டால் பதில் வரும். அது 1942 என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஆனால் இது துப்பு மட்டும்தான், ஆதாரம் அல்ல. என் முதல் ரிப்போர்ட்டில் நான் அடிபட்டது இங்கேதான். கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு என்று குடும்பமே சொன்னது. நானும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் கையில் கிடைத்த பத்திரத்தில், அவர் அந்த வீட்டைக் கோர்ட் ஏலத்தில் எடுத்திருந்தார். கட்டியவர் கடனில் மூழ்கிய வேறொருவர். க்ளையன்ட்டிடம் போய் அதைச் சொன்ன அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு ஒரு டிகிரிக்குச் சமம். அதற்குப் பிறகு, ரெகார்ட் பார்ப்பதற்கு முன் ஒரு வரிகூட க்ளையன்ட்டுக்கு மெயில் செய்வதில்லை.

3. பத்திரத்தைப் பின்னோக்கி ஏறுங்கள்

இதுதான் தொழிலின் உயிர். இதில் தேர்ந்தால் மற்றதெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

இப்போதைய கிரயப் பத்திரத்தில் தொடங்குங்கள். அதில் "இந்தச் சொத்து எனக்கு இன்ன வருடம் இன்ன எண் பத்திரப்படி பாத்தியப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்தான் அடுத்த படி. அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கினால் அதற்கு முந்தைய எண் கிடைக்கும். இப்படியே மூலப் பத்திரம் வரை ஏறுவது. நடுவில் படி உடைந்திருந்தால் வில்லங்கச் சான்று போடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையது சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட வேண்டியது. இந்த இடத்தில்தான் பாதிப் போட்டியாளர்கள் கழன்றுகொள்வார்கள். நீங்கள் கழன்றுகொள்ளாதீர்கள்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் முதல் புத்தகத்தையும் அதன் இண்டெக்ஸையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயில் இருப்பது மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலையும் விண்ணப்பித்து வாங்கலாம். "நீங்க பார்ட்டியா சார்?" என்று கவுன்ட்டரில் கேட்டால் சண்டை போடாமல் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நாளைக்கும் அதே கவுன்ட்டருக்குத்தான் வரப்போகிறீர்கள்.

அலுவலக எல்லைகள் பல முறை பிரிந்திருக்கின்றன. இன்றைய அலுவலகத்தில் 1930 பத்திரம் இல்லையென்றால் "இதற்கு முன்னால் இந்த கிராமம் எந்த ஆபீஸில் இருந்தது?" என்று கேளுங்கள். பக்கத்து டீக்கடையில் இருக்கும் வயதான பத்திர எழுத்தருக்குக் கண்டிப்பாகத் தெரியும். அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். அது செலவு அல்ல, முதலீடு.

இன்னொன்று. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. வாய்ப்பேச்சில், சாவியைக் கொடுத்தே வீடு கைமாறலாம். 1890ல் ஒரு கிராமத்து வீடு எண்பது ரூபாய்க்குப் போயிருந்தால் அதற்குப் பத்திரமே இல்லாமல் இருக்கலாம். இல்லாத பத்திரத்தை மாதக்கணக்கில் தேடி டெட்லைனைக் கோட்டை விடாதீர்கள்.

அப்படிப் படி உடைந்தால் என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பத்திரத்தைத் தேடுங்கள். எல்லாப் பத்திரத்திலும் செக்குபந்தி என்று நான்கெல்லை எழுதியிருக்கும். "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு வடக்கு." உங்கள் வீட்டுப் பத்திரம் தொலைந்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் 1911ல் எழுதிய அடமானப் பத்திரத்தில், மேற்கு எல்லையாக உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பார். நான்கு பக்கத்து வீடுகளையும் பிடித்தால் ஒரு தெருவே கையில் வந்துவிடும். இந்த ஒரு டெக்னிக்கை இன்டர்வியூவில் சொன்னால் வேலை பாதி முடிந்தது.

பாகப் பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அன்று கொண்டாடுங்கள். குடும்ப மரமே அதில் இருக்கும்: எத்தனை மகன்கள், யார் மைனர், யாருக்கு யார் கார்டியன், எந்த விதவைக்கு ஜீவனாம்சமாக எந்த அறை. பழைய பத்திரங்களில் ஒவ்வொருவருக்கும் தகப்பனார் பெயர், ஊர், ஜாதி, தொழில் எல்லாம் எழுதியிருப்பார்கள். சாட்சிகளையும் விடாதீர்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது மைத்துனரோ சம்பந்தியோவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

4. பேரனையும் தாத்தாவையும் குழப்பாதீர்கள்

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே அப்படித்தான் வந்தது. 1888ல் ஒரு சுப்பிரமணியன், 1947ல் ஒரு சுப்பிரமணியன். ஒரே ஆள் என்று எழுதினால் அவர் ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து வந்து வீடு விற்றதாகிவிடும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தகப்பனார் பெயரைப் போட்டு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாட்டுவீர்கள்.

செட்டிநாட்டில் இன்னும் ஒரு முடிச்சு: பிள்ளை கூட்டுதல். சுவீகாரம் போன மகனுக்கு இரண்டு தகப்பனார். எந்த வீட்டுப் பத்திரத்தில் எந்தத் தகப்பனார் பெயர் என்று பார்த்துத்தான் வரைபடம் போட வேண்டும். அங்கே குடும்பத்துக்கு ஒரு விலாசமும் உண்டு. மூனா, ஆனா, ரூனா என்று எழுத்துகளை அடுக்கிச் சொல்வார்கள். தெருப் பெயரைக் கேட்டுத் திகைக்கிறவர் விலாசத்தைச் சொன்னதும் நேராக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். கல்யாணம் ஆனதும் தம்பதி அந்தந்தக் கோயிலில் ஒரு புள்ளியாகப் பதிவாவார்கள். குடும்ப வரலாற்றுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது கஷ்டம். ஆனால் அது குடும்பத்தார் மூலம் கேட்க வேண்டிய விஷயம். கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் நிற்காதீர்கள்.

5. தேதி மாற்றத் தெரியாவிட்டால் இந்த வேலை வேண்டாம்

பழைய பத்திரங்களில் "பிரபவ வருஷம் ஆனி மாதம்" என்று இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். பிரபவ 1867லும் தொடங்கியது, 1927லும் தொடங்கியது, 1987லும் தொடங்கியது. எந்தச் சுற்று என்று முத்திரைத்தாளில் இருக்கும் ராஜா தலையையும் சாட்சிகளின் வயதையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள், ஆங்கில வருடம் வரும். பசலி ஜூலையில் பிறக்கும், அதனால் ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள பதிவுக்கு 591. கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு, அதற்கு 824 அல்லது 825.

தமிழ் எண்களையும் கற்றுக்கொள்ளுங்கள். க, உ, ங, ச எல்லாம் எழுத்தல்ல, எண். மாகாணி, அரைக்கால், மா என்று பின்னமும் வரும். பாகம் பிரித்ததில் யாருக்கு எத்தனை பங்கு என்பது அதில்தான் ஒளிந்திருக்கும். ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும். கூடப் படித்தவர்கள் யாரும் அந்த ஒரு வாரம் உட்கார மாட்டார்கள் என்பது உங்களுக்கு நல்ல செய்தி.

6. பட்டா எல்லாவற்றையும் சொல்லாது

பட்டாவை வைத்துச் சொந்தக்காரரைப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நத்தத்தில் தடுக்கி விழுவார்கள். கிராமத்தில் வீடுகள் இருப்பது பெரும்பாலும் நத்தம் புறம்போக்கு என்று பொதுவாகக் காட்டப்பட்ட நிலத்தில். தனித்தனி வீட்டுக்கு நத்தம் பட்டா வந்ததெல்லாம் நேற்றைய கதை. அதற்கு முன்னால் யார் இருந்தார் என்பதற்கு வீட்டு வரி ரசீதையும் அடமானப் பத்திரத்தையும் தேட வேண்டும். நகரமென்றால் நகர நில அளவைப் பதிவேடு. கோயில் தெரு, அக்கிரகாரம் என்றால் இனாம் பதிவேடுகளைப் பாருங்கள். 1858ல் அமைத்த இனாம் கமிஷன் அடுத்த சில ஆண்டுகளில் ஊர் ஊராகப் போய், எந்த நிலம் யாருக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எழுதி வைத்தது. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். 1909 முதல் அதே இடத்தில் இருக்கும் நிறுவனம். அங்கே பொறுமையும் முன்கூட்டியே வாங்கிய அனுமதியும் வேண்டும். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று க்ளையன்ட்டிடம் சொல்லிவிட்டு எழும்பூரில் போய் இறங்காதீர்கள்.

7. சென்னை என்றால் தெருப் பெயரை முதலில் சரிபாருங்கள்

எட்வர்ட் எலியட்ஸ் ரோடு இன்று ராதாகிருஷ்ணன் சாலை. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை. சாமியர்ஸ் ரோடு முத்துராமலிங்கத் தேவர் சாலை. தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுத்ததில் இன்னும் நிறையப் பெயர்கள் மாறின. கதவு எண்ணும் அப்படித்தான். பழைய எண், புதிய எண் என்று எழுதிப் பழகிய ஊர் இது. அந்தப் பழைய எண்ணுக்கும் முன்னால் இன்னொரு எண் இருந்திருக்கலாம். முதல் வேலையாக ஒரே வீட்டின் எல்லாப் பெயரையும் எண்ணையும் ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வீட்டின் வரலாற்றை அழகாக எழுதிக் கொடுப்பீர்கள்.

பிரிட்டிஷ் காலத்து பங்களாவா? அசைலம் பிரஸ் ஆல்மனாக் என்று வருடா வருடம் வந்த டைரக்டரியில் தெருவாரியாக யார் எந்த வீட்டில் என்று இருக்கும். அது குடியிருந்தவர் பட்டியல், சொந்தக்காரர் பட்டியல் அல்ல. முதல் பாயின்ட்டை மறக்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டுத் தோட்ட வீடுகளுக்கு ஹென்றி டேவிசன் லவ் 1913ல் வெளியிட்ட பழைய மெட்ராஸ் நூலின் தொகுதிகள். இன்றைய டிடிகே சாலை மவுபரேஸ் ரோடாக இருந்தது ஏன் என்று கேட்டால், அடையாற்றங்கரையில் குவிமாடம் வைத்த வீட்டில் இருந்த ஜார்ஜ் மவுபரேயில் போய் நிற்கும். அந்த இடம் பிற்பாடு அடையாறு கிளப் ஆகி, இன்று மெட்ராஸ் கிளப். ஒரு வீட்டுச் சொந்தக்காரர் பெயர் ஒரு சாலை முழுவதும் ஓடியிருக்கிறது.

8. கட்டடமும் சாட்சிதான், குறுக்கு விசாரணை செய்யுங்கள்

ஏணி போட்டு ஏறி இரும்பு உத்தரத்தைப் பாருங்கள். டாடா முத்திரை இருந்தால் அந்தத் தளம் 1912க்கு முந்தையது அல்ல. ஜாம்ஷெட்பூரில் எஃகு வந்ததே அந்த வருடம்தான். கூரை ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனிப் பெயர் இருக்கும். மங்களூர் பக்கத்து பேசல் மிஷன் ஓடா, முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்ட காமன்வெல்த் டிரஸ்ட் ஓடா என்பதே ஒரு தேதி. ஆனால் ஓட்டை மாற்றியிருக்கலாம். முகப்பில் சுண்ணாம்பில் எழுதிய வருடம் மாடி போட்ட வருடமாக இருக்கலாம். பத்திரத்தில் "கீழ்த்தளம் கட்டுக்கோப்பு மட்டும்" என்று இருந்தால் எது சரி என்று தெரிந்துவிடும். பத்திரமும் உத்தரமும் ஒன்றையொன்று ஒத்துக்கொண்ட பிறகுதான் ரிப்போர்ட்டில் ஏற்றுங்கள்.

9. கோர்ட்டும் கல்யாணப் பத்திரிகையும்

நன்றாகச் சண்டை போட்ட குடும்பம் ஆராய்ச்சியாளருக்கு வரம். பாகத் தகராறு மேல்முறையீட்டுக்குப் போயிருந்தால் தீர்ப்பின் முதல் சில பக்கங்களில் வம்சாவளி அச்சாகியிருக்கும். இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சென்னை வரிசை 1876 முதல் இருக்கிறது. பல தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், நான்கையும் போடுங்கள்.

தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் பார்க்காமல் விடாதீர்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களில் தொடங்கியது அது. புத்தகத்தோடு அழைப்பிதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் அங்கே உண்டு. ஒரு கல்யாணப் பத்திரிகையில் வீட்டின் பெயர், தாத்தா பெயர், தேதி மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

10. தமிழ்நாட்டுக்கு வெளியே போனால் ரூல்ஸ் மாறும்

புதுச்சேரியில் பிரெஞ்சு நோட்டரி ஆவணங்களோடு மல்லுக்கட்ட வேண்டும், அதனால் அடிப்படைப் பிரெஞ்சு தெரிந்தவருக்குக் கூடுதல் ரேட். பிறப்பு, திருமணப் பதிவுகள் பலவற்றை பிரான்ஸின் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் 1740ல் கட்டிய வீடு என்று யாராவது சொன்னால் புருவத்தை உயர்த்துங்கள். 1761ல் பிரிட்டிஷ் படை அந்த நகரைப் பிடித்து இடித்துத் தள்ளியது.

யாழ்ப்பாணத்து வீடென்றால் பத்திரம் என்று கேட்காதீர்கள், அங்கே அது உறுதி. எழுதுகிறவர் நொத்தாரிசு. 1707ல் டச்சுக்காரர்கள் தொகுத்த தேசவழமைப்படி சீதனம் பெண்ணுக்கு. வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போயிருக்கும். அப்பா வழியில் தேடினால் சுவரில் முட்டிக்கொள்வீர்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் இப்போது இதைக் கேட்டு வருகிறார்கள். அது சின்ன மார்க்கெட் அல்ல.

11. ரிப்போர்ட்டும் ரேட்டும்

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆதாரத்தின் பத்திர எண், வருடம், அலுவலகம். சந்தேகம் உள்ளதைச் சந்தேகம் என்றே எழுதுங்கள். குடும்பச் சொல் என்பதை வேறு நிறத்தில் போடுங்கள். இரண்டாவது குடும்பம், ஏமாற்றப்பட்ட விதவை, ஏலத்தில் போன நகை எல்லாம் வெளியே வரும். அதை முதலில் பணம் கொடுத்தவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எதைப் புத்தகத்தில் சேர்ப்பது என்பது அவர் முடிவு. ஆனால் பொய்யாக மாற்றி எழுதச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த ஊர்களில் ஒருவர் பெயர் கெட்டால் அடுத்த தெருவில் வேலை கிடையாது.

பணத்தைத் தேடலுக்கு ஒரு கட்டம், எழுதுவதற்கு ஒரு கட்டம் என்று பிரித்து வாங்குங்கள். நகல் கட்டணம், பயணம் தனி. "பத்திரம் கிடைத்தால்தான் பணம்" என்பவரிடம் போகாதீர்கள். அவர் வாங்குவது உங்கள் நேரத்தை. நடக்கும் வழக்கில் சாட்சியாக இழுக்கப்படக் கூடாது என்றால், இது வரலாற்று அறிக்கை, சட்டக் கருத்து அல்ல என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்துவிடுங்கள்.

போர்ட்ஃபோலியோ இல்லையே என்பவர்களுக்கு ஒரு வழி. உங்கள் சொந்த வீடு, அல்லது அம்மா பிறந்த வீடு. அலமாரியின் மேல்தட்டில் துணியில் சுற்றி வைத்திருக்கும் பத்திரத்தை எடுங்கள். அதில் இருக்கும் பழைய பத்திர எண்ணைக் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சார்பதிவாளர் அலுவலக வாசலில் நில்லுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் வேண்டாம், அன்று கூட்டம் தாங்காது.